பிடி அரிசிக் கலயம்

புருஷனுக்காக ஒருத்தி இன்னொருத்தியோடு மல்லுக்கு நின்றால் ஊர் புரிந்துகொள்ளும். சொத்துக்காக நின்றால் பஞ்சாயத்து வைத்துத் தீர்த்துவைக்கும். நான் என் ஓரகத்தியோடு வருஷக்கணக்காக மனசுக்குள்ளேயே மல்லுக்கு நின்றது மாமியாருக்காக. அவளைப் பார்க்கிற மாதிரி என்னையும் ஒரு தடவை அத்தை பார்க்க மாட்டாரா என்பதற்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வீடு திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டை ஒட்டி இருந்தது. மழை பெய்தால் பருத்தி, கொத்துமல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் ஆடு. காட்டையும் ஆட்டையும் வீட்டையும் அத்தைதான் ஆண்டார். அத்தைக்கு முப்பது வயசு தாண்டியதும் மாமா செத்துப்போனார். கையில் இரண்டு பையன்கள். ஊரார் காட்டில் களை வெட்டி, ஆடு மேய்த்து, மூத்தவரை வாத்தியாராக்கினார். இளையவரை, அதாவது என் வீட்டுக்காரரை, அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் சேர்த்துவிட்டார். மூத்தவர் பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மனுஷர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் தூங்கிவிட்டார் என்று, அவருடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதைத் திருகியவர் அத்தை.

நாற்பது வயசுக்கு மேல்தான் அவர் எழுத்துக் கற்றுக்கொண்டார். அதுவும் வேதம் வாசிப்பதற்காக மட்டும். வேதப்புத்தகத்து எழுத்தைத் தவிர வேறு எழுத்து அவருக்கு ஓடாது. பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் படிக்க மாட்டார். இது காரியாபட்டி போகுமா, அருப்புக்கோட்டை போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவார். ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கண்டக்டர் குடும்பத்துக்காக ஒரு ஜெபம் பண்ணிவிடுவார். கால் வீங்கிய கிடாய்க்கும் ஜெபம், மில்லில் ஷிப்ட் மாற்றிக் கொடுக்காத சூப்பர்வைசருக்கும் ஜெபம். விதைப்புக்கு முன்னால் காட்டின் நாலு மூலையிலும் போய் நின்று வானத்தைப் பார்த்துப் பேசுவார். ஊரில் எங்கள் சபைக்காரர்கள் இருபது வீடு இருந்தால் அதிகம். மற்றவர்களும் அவரைத் தேடி வருவார்கள். "மழைக்கு எங்க சாமிக்குப் பொங்க வச்சாச்சு. நீங்களும் உங்க பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்பார்கள். "ஒரு வார்த்தை என்னத்துக்கு, பத்து வார்த்தை சொல்றேன்" என்பார் அத்தை.

இப்பேர்ப்பட்டவருக்கு மூத்த மருமகளாக வந்தவள் உபதேசியார் மகள். பாதிரியார் மாதம் ஒரு தடவை வருகிற சின்ன ஊர்களில் மற்ற நாளெல்லாம் கோயிலை நடத்துகிறவர்தான் உபதேசியார். நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். பெரியவள் பிறந்ததே பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவில். நான் நரிக்குடிப் பக்கம், கூலிக்கார வீடு. அம்மனுக்கு முளைப்பாரி எடுத்து வளர்ந்தவள். மில்லுக்குப் போகிற பஸ்ஸில் பார்த்துப் பழகியவரைக் கட்டிக்கொள்வதற்காக, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஞானஸ்நானம் எடுத்தேன். குடும்ப ஜெபத்தில் அத்தை ஒரு இடத்தைச் சொல்லித் திறக்கச் சொன்னால் நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பேன். பெரியவள் அதற்குள் எடுத்து, விரலை வைத்து, தொண்டையையும் செருமிவிடுவாள். "நீ படி பெரியவளே" என்பார் அத்தை. பாயில் அவர் வலது பக்கம் அவள் உட்காருவாள். மீன் குழம்பு வைத்தால் உப்புப் பார்க்க அவளைக் கூப்பிடுவார். மீன் கழுவ என்னை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிடி அரிசிதான் என்னைக் கொன்றது.

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், வீட்டுப் பெண் ஒரு கை அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போட வேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் கலயமும் கோயிலுக்குப் போகும். அங்கே ஒரு சாக்கில் கொட்டி, கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த வாரம், மற்ற புது மருமகள்களைப் போல நானும் ஆசையோடு முறத்தில் கையை வைத்தேன். கை பாதி அரிசிக்குள் போயிருந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டார்.

"நீ இரு தாயி. பெரியவ போடுவா."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேற்றுவரை அம்மன் கோயிலில் கும்மியடித்த கை, ஆண்டவர் கலயத்துக்கு ஆகாது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நாலு வருஷம் அந்த அர்த்தத்தையே பால் ஊற்றி வளர்த்தேன். தினமும் சாயங்காலம் பெரியவள் முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக் கண்ணை மூடி உதட்டை அசைத்துக் கலயத்தில் போடுவாள். மிச்ச அரிசியில் கல் பொறுக்கிக் களைந்து உலையில் போடுவது என் வேலை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை அடியோடு பொய்த்துவிட்டது. நரிக்குடிப் பக்கக் கண்மாய்களே வெடித்துக் கிடந்தன என்றால் எங்கள் காட்டைக் கேட்க வேண்டியதில்லை. பகலில் கம்பங்கூழ், ராத்திரிக்கு மட்டும் அரிசிச் சோறு. அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று அத்தையே படியில் அளந்து முறத்தில் கொட்டுவார். அந்தக் காலத்தில் ஒரு நாள் விடியற்காலை ஜெபத்தில், "இந்தப் பஞ்சத்துலயும் உமக்கு எடுத்து வைக்கிற பெரியவ கைய ஆசீர்வதியும்" என்று அத்தை கண்ணீர் விட்டு ஜெபித்தார். நானும் முட்டி போட்டு அதற்கு ஆமென் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பெரியவள் தன் பிடியைப் போட்டுவிட்டு அடுப்புப் பற்றவைக்கப் போனாள். நான் முறத்தோடு தனியாக இருந்தேன். என் பங்குச் சோற்றுக்கு எவ்வளவு அரிசி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே இரண்டு கையாலும் வாரிக் கலயத்தில் கொட்டினேன். 'பார்த்துக்கிடும் ஆண்டவரே, இதுவும் கைதான்' என்று வேறு சொல்லிக்கொண்டேன். இதைப் பக்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுத்தமான வீம்பு.

ராத்திரி எல்லோரும் சோறு சாப்பிட்டபோது, எனக்கு வயிறு மந்தமாக இருக்கிறது என்று பகல் கூழை ஊற்றிக் குடித்தேன். மறுநாளும் அப்படியே. அப்புறம் யாரும் கேட்கவில்லை. சின்னவளுக்குக் கூழ்தான் பிடிக்கும் என்று வீட்டில் ஆகிப்போனது. எனக்குக் கூழைக் கண்டாலே குமட்டும். ஆனாலும் மாதக் கடைசியை நினைத்துக் குடித்தேன். அத்தை கலயத்தைத் தூக்குவார், கனம் தாளாமல் கீழே வைப்பார், யார் போட்டது என்று கேட்பார். நான் தலையைக் குனிந்து, மெதுவாக, "நான்தான் அத்தே" என்பேன். இதைக் கிணற்றடியில் பலதடவை சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அத்தை கலயத்தைத் தூக்கினார். கனம் தாளாமல் கீழேயும் வைத்தார். மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியவளைக் கூப்பிட்டார்.

"ஒரு பிடிதான போடுற?"

"ஒரு பிடிதான் அத்தே. நெசமா ஒரு பிடிதான்." அவளுக்கே பயமாகிவிட்டது.

"மூட்டையில கொறஞ்சிருக்கா?"

"இல்லையே. நீங்க அளந்து குடுக்குறதுதான."

அத்தை அப்படியே தரையில் முட்டி போட்டு நெற்றியை மண்ணில் வைத்துவிட்டார். வேதத்தில் ஒரு கதை வரும். பஞ்ச காலத்தில் ஒரு விதவை வீட்டுப் பானையில் மாவு குறையவே குறையாது. அத்தைக்கு உயிரான கதை அது. இப்போது அது தன் வீட்டிலேயே நடந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். தரையில் கிடக்கிற அந்த நரைத்த தலையைப் பார்த்து, 'அது ஆண்டவர் இல்லை, நான்' என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டேன்.

மறுநாள் கோயிலில் அத்தை எழுந்து நின்று சாட்சி சொன்னார். பஞ்சத்தில் ஆண்டவர் தன் வீட்டுக் கலயத்தைப் பெருகச் செய்தார் என்றும், அதற்குப் பாத்திரமான கை தன் மூத்த மருமகள் கை என்றும் சொன்னார். சனம் விம்மியது. என் அரிசி, என் பட்டினி, அவளுக்குக் கைதட்டல். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்துவிட்டேன்.

அடுத்த மாதமும் போட்டேன். விட்டால் தோற்றுவிடுவேன் என்று பட்டது. அந்த மாதமும் கலயம் கனத்தது. இப்போது ஊர் கிளம்பிவிட்டது. சபைப் பெண்கள் தங்கள் கலயத்தைக் கொண்டுவந்து பெரியவளைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அப்புறம் சபையைச் சேராதவர்களும் முறத்தில் விதையை எடுத்து வந்தார்கள். "கைராசிக்கார புள்ள, கொஞ்சம் தொட்டுக் குடு தாயி." அத்தை, "ராசி இல்ல, அது ஆசீர்வாதம்" என்று வாசலில் நின்று திருத்திக்கொண்டிருப்பார். பெரியவள் கூச்சத்தோடு ஒற்றை விரலால் தொடுவாள். அந்தக் கையைப் பட்டுத்துணி மாதிரி முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள் என்று நான் சொன்னால், அது என் வயிற்றெரிச்சல் பேசுவது. அவள் அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஒரு நாள் மல்லி விதையோடு வந்த ஒரு கிழவி, வழியில் நின்ற என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் தள்ளிக்க ஆத்தா, வெத மேல நெழலு விழுது" என்றாள். அன்றோடு நிறுத்தினேன். இனி ஒரு மணி அரிசி போட மாட்டேன். பெரியவள் கையின் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும்.

அந்த மாதக் கடைசியில் கலயம் பழையபடி பாதிகூட நிறையவில்லை. நான் அடுப்படியில் நின்று வேடிக்கை பார்த்தேன். அத்தை பெரியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலயத்துக்குள் கையை விட்டு அரிசியைத் துழாவினார். அப்புறம் சொன்னார்.

"சாட்சி சொன்னப்ப எனக்குள்ள பெருமை வந்துச்சு. ஆண்டவர் கைய எடுத்துட்டாரு."

அன்றிலிருந்து உபவாசம். பொன்னுருகக் காய்கிற புரட்டாசி வெயில். தண்ணீர்கூட இல்லாமல் உள்ளறையில் முட்டி போட்டுக் கிடந்தார். மூத்தவர் கெஞ்சினார், என் வீட்டுக்காரர் கத்தினார், பெரியவள் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் ஆடு கத்துகிறது என்று எழுந்து தொழுவத்துக்குப் போனவர், தடுமாறிக் கல்தொட்டியில் மோதி விழுந்தார். நான்தான் முதலில் ஓடினேன். அவரைத் தூக்கி மடியில் கிடத்தியபோது ஒரு ஆட்டுக்குட்டி கனம்கூட இல்லை. என் பொறாமை ஒரு ஆளைக் கொல்லப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அத்தே, ஆண்டவர் எதையும் எடுக்கல. கலயம் பெருகவும் இல்ல. நான்தான் போட்டேன். இப்ப நிப்பாட்டிட்டேன்."

கண்ணைத் திறந்தார். "நீயா? ஏன்?"

"எப்பப் பாத்தாலும் அக்காவையே பாக்குறீகள்ல."

"மூட்டையில கொறையலயே. எங்கருந்து போட்ட?"

"என் சோத்துலருந்து."

"அப்ப நீ என்னத்தத் தின்ன?"

"கூழு."

அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். கையை விடாமலே சொன்னார். "நீ வாறப்ப எலும்பும் தோலுமாத்தான் வந்த. பசிச்ச வீட்டுலருந்து வந்த புள்ள, உன் கையிலருந்து ஒரு பிடியப் பிடுங்கணுமான்னுதான் அன்னைக்கு உன்னையப் போட விடல."

இதை நாலு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் அப்படித்தான். கடவுளிடம் மணிக்கணக்காகப் பேசுவார், மனுஷரிடம் அரை வார்த்தை.

"பொறாமையில போட்ட அரிசிய ஆண்டவர் எப்படி எடுத்துக்கிருவாருன்னு எனக்குத் தெரியல" என்றார். "ஆனா தின்னவனுக்குப் பசி ஆறியிருக்கும். போ, எனக்குத் தண்ணி கொண்டா. நீ போயி சோறு தின்னு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் கட்டோடு கோயிலில் எழுந்து நின்றார். சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நான் சொன்னது தப்பு. கலயம் பெருகல. என் வீட்டுல ஒருத்தி பசியாக் கெடந்திருக்கா. மூணு வேளை ஜெபம் பண்ற எனக்கு அது கண்ணுல படல. அதுக்கு எல்லாரும் எனக்காக ஆண்டவர்ட்ட மன்னிப்புக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒருத்தி என்றுதான் சொன்னார். என் மானம் போகக் கூடாது என்று யார் என்பதைச் சொல்லவில்லை. கோயிலே திரும்பிப் பெரியவளைப் பார்த்தது. கலயம் அவள் பொறுப்பு, பட்டினி கிடந்ததும் அவளாகத்தானே இருக்கும்! பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். போன வாரம் கோயிலில் தங்கிப்போன வெறும் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். மனம் திருந்தியவளுக்குப் பொறாமை போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலமே அத்தை பிடி அரிசியை என்னிடம் கொடுத்தார். "இனிமே நீ போடு. ஒரு பிடி, ஒரே பிடி." பெரியவள் முறத்தை என் பக்கம் தள்ளினாள். நான் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், உரிமையாக வந்த பிறகு என் பிடி சின்னதாகிவிட்டது.

அதோடு இன்னொன்றும் தொடங்கியது. ராத்திரி நான் தட்டில் சோறு போட்டதும் அத்தை எதிரே வந்து உட்காருவார். கடைசிப் பருக்கைவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். காட்டிலிருந்து வந்தால், கோயிலிலிருந்து வந்தால், என்னைப் பார்த்ததும் ஒரே கேள்வி. "சின்னவளே, சாப்ட்டியா?" பெரியவளோடு வேதம் பேசுவார். சபைக் காரியத்துக்கு அவளிடம் யோசனை கேட்பார். எனக்கு மட்டும் சோறு. தொண்ணூறுகளில் நாங்கள் அருப்புக்கோட்டைக்கே குடிவந்த பிறகும் விடவில்லை. பஸ் ஏறி வருவார், கையில் ஒரு பை கம்போ காணப்பயறோ இருக்கும், நேராக அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்ப்பார். "அக்காவோட ஒக்காந்து ஜெபம் பண்றாக, எம் வீட்டுக்கு மட்டும் பானையச் சோதிக்க வாராக" என்று என் வீட்டுக்காரரிடம் புலம்புவேன். அவர் சிரிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அத்தை படுக்கையில் விழுந்தார். கிராமத்து வீட்டில், பெரியவள் பக்கத்தில். மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்த வீட்டுக்காரரோடு நானும் போய்த் தங்கினேன். அறைக்குள் சதா ஆட்கள். பெரியவள் தலைமாட்டில் உட்கார்ந்து வேதம் வாசிப்பாள். அத்தை கண்ணை மூடி உதட்டை அசைத்துக் கூடவே சொல்வார். நான் உள்ளே நுழைந்தால் போதும், வாசிப்பை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுவார். "சின்னவளே, சாப்ட்டியா?" ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கடைசி நாள் காலையில், சபைப் பெரியவர் ஒருவர், "சின்ன மருமக நல்ல சாப்பாட்டுக்காரி போல" என்று சொல்ல, அறையே சிரித்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பெரியவள் அத்தைக்கு வெந்நீர் எடுக்க வந்தாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததை அவள் முகத்தில் கொட்டினேன்.

"உங்களுக்கு வேதம், எனக்குச் சோறு! கடைசி நாளுலயும் என்னையச் சோத்துக்குச் செத்தவளாத்தான் பாக்குறாக. உங்களுக்கென்னக்கா, நீங்க குடுத்து வச்சவுக."

பெரியவள் செம்பைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

"இந்த வீட்டுக்கு வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூணு புள்ள பெத்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ சாப்ட்டியான்னு அத்தே என்னையக் கேட்டதில்ல. தெரியுமா உனக்கு? அன்னைக்குக் கோயில்ல அவுக 'ஒருத்தி'ன்னு சொன்னது உன்னையத்தான்னு எனக்குத் தெரியும். எல்லாரும் என்னையப் பாத்தாக. நான் வெக்கப்பட்டுத் தலையக் குனியல. அது நானா இருந்திருக்கக் கூடாதான்னுதான் குனிஞ்சேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். உள்ளே ஒரு உயிர் பிரிந்துகொண்டிருக்க, நான் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு குதித்தது. பெரியவள் மூன்று நாளாகத் தலைமாட்டிலேயே கிடந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று எனக்குத் தெரியும். அடுப்பில் சோறு சூடாக இருந்தது. அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை, சாப்பிட்டீர்களா அக்கா என்று நானும் கேட்கவில்லை.